டிபரன்சல் பற்சில்லு: நாமே மாற்றுவதா, தொழில் அறிந்தவரிடம் விடுவதா?

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் பலருக்கு வாகனமே பிழைப்பின் அடித்தளமாக இருக்கின்றது. அதிகாலையில் பத்திரிகை விநியோகம், பகலில் பொதி விநியோகம், இரவில் துப்புரவுப் பணி என ஒரே வான் மூன்று வேலைக்கும் ஓடுகின்றது. அவ்வானின் பின்புறத்தில் ஒரு நாள் மெல்லிய ஊளைச் சத்தம் கேட்கத் தொடங்குகின்றது. கராஜுக்குக் கொண்டு சென்றால், "டிபரன்சல் பற்சில்லுகள் தேய்ந்துவிட்டன" என்று கூறிப் பெருந்தொகை எழுதிய தாளொன்றை நீட்டுகின்றனர். அத்தாளில் உதிரிப்பாகங்களின் விலையைவிடக் கூலியே அதிகமாக இருப்பதைக் காணும்போது, "இதை நாமே செய்தால் என்ன?" என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்கு விடை காணுமுன், அந்த அச்சுக்குள்ளே என்ன நடைபெறுகின்றது என்பதை அறிந்துகொள்வது அவசியமாகும்.

அச்சுக்குள் இருப்பது என்ன?

இன்று வீதியில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சில்லுகளால் இழுக்கப்படுபவை. அவற்றில் டிபரன்சல் கியர்ப்பெட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கும். பின்சில்லுகளால் உந்தப்படும் வான்கள், பிக்கப் வாகனங்கள், பழைய வொல்வோ 240, பென்ஸ் வாடகைக் கார்கள் போன்றவற்றிலேயே பின்னச்சில் தனியான டிபரன்சல் உண்டு. எஞ்சினிலிருந்து நீண்டுவரும் தண்டின் முனையில் பினியன் என்னும் சிறிய பற்சில்லும், அதனோடு கவ்வி நிற்கும் கிரவுண் எனப்படும் பெரிய வளையச் சில்லும் உள்ளன. கிரவுணில் 41 பற்களும் பினியனில் 10 பற்களும் இருப்பின், தண்டு 4.1 தடவை சுழலும்போது கிரவுண் ஒரு தடவை சுழலும்.

1926 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பக்காட் நிறுவனம் தனது கார்களில் ஹைபொயிட் என்னும் அமைப்பைப் புகுத்தியது. இதில் பினியன் கிரவுணின் நடு மட்டத்திற்குச் சற்றுக் கீழே அமர்ந்திருக்கும். தண்டு தாழ்வதால் வாகனத்தின் தளமும் தாழ்ந்தது, சத்தமும் குறைந்தது. ஆனால் பற்கள் ஒன்றோடொன்று உருள்வதோடு நில்லாமல், பெரும் அழுத்தத்தின் கீழ் வழுக்கியும் செல்கின்றன. இதனாலேயே இவற்றுக்கு ஜி.எல். 5 தரத்திலான விசேட எண்ணெய் தேவைப்படுகின்றது. அளவுகளில் நேரும் சிறு தவறும் சில ஆயிரம் கிலோமீற்றருக்குள் பற்களைத் தின்றுவிடுவதற்குக் காரணமும் இதுவே.

முதலில் நோயை அறிதல்

மாற்றுவது யார் என்று தீர்மானிக்குமுன், மாற்றத்தான் வேண்டுமா என்று பார்க்க வேண்டும். இப்பகுதியை எவரும் தாமே செய்யலாம். டிபரன்சலில் எண்ணெய் குறைந்துள்ளதா, பினியன் முனையிலுள்ள சீலில் கசிவு உண்டா என்று முதலில் பாருங்கள். அக்சிலேற்றரை மிதிக்கும்போதும் விடும்போதும் ஊளையின் தொனி மாறுமாயின் குறை பற்சில்லிலோ பினியன் பெயாரிங்கிலோ இருக்கக்கூடும். வளைவுகளில் திரும்பும்போது உறுமல் கூடிக் குறையுமாயின் சில்லுப் பெயாரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். கியர் மாற்றும்போது "டக்" என்று அடிப்பது பெரும்பாலும் தண்டின் மூட்டுத் தேய்வாகும். சீரற்றுத் தேய்ந்த ரயர்களும் டிபரன்சல் ஊளையைப் போன்று ஒலிப்பதுண்டு. ஒரு சீலுடன் முடியவேண்டிய செலவு, சரியாகப் பார்க்காமையால் முழுப் பற்சில்லுச் செலவாக மாறிவிடக் கூடாது.

நான்கு அளவுகள்

பற்சில்லு மாற்றுவது கழற்றிப் பூட்டும் வேலை மட்டுமே என்று கருதுவோர் பலர். உண்மையில் கழற்றுவதும் பூட்டுவதும் அதன் பாதி வேலையே. மறுபாதி அளவெடுப்பதாகும்.

முதலாவது, பினியன் எவ்வளவு ஆழத்தில் அமர்கின்றது என்பது. சிம் எனப்படும் மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் நீக்கியும் இது சரிசெய்யப்படுகின்றது. இரண்டாவது, பினியன் பெயாரிங்குகளின் இறுக்கம். பல வாகனங்களில், இறுக்கும்போது நசுங்கிக்கொடுக்கும் ஓர் உருக்குக் குழல் இதனைத் தீர்மானிக்கின்றது. சற்றே அதிகமாக நசுங்கிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிக்கட்ட முடியாது. புதிய குழலையே போட வேண்டும். மூன்றாவது, இரு பற்சில்லுகளுக்கும் இடையிலான இளக்கம். பல வாகனங்களில் இது 0.15 முதல் 0.25 மில்லிமீற்றர் வரையே, அதாவது சாதாரணக் கடதாசி இரண்டின் தடிப்பளவே அனுமதிக்கப்படுகின்றது. நான்காவது, கிரவுணைத் தாங்கும் பக்கப் பெயாரிங்குகளின் இறுக்கம்.

இவற்றின்பின் பற்களில் நிறப்பசை பூசிச் சுழற்றி, பற்தடம் பல்லின் நடுப்பகுதியில் விழுகின்றதா என்று பார்க்க வேண்டும். நுனியிலோ அடியிலோ விழுமாயின் மீண்டும் கழற்றிச் சிம் மாற்ற வேண்டும். பழக்கப்பட்டவரும் இதனை இரண்டு மூன்று தடவைகள் செய்வதுண்டு.

இவ்வேலைக்கு டயல் கேஜ், சிறிய இறுக்கத்தையும் காட்டும் அளவுச்சாவி, பெயாரிங் இழுக்கும் கருவி, அழுத்தப் பொறி, அந்த வாகனத்துக்கேயுரிய அளவுப் புத்தகம் ஆகியன வேண்டும். கிரவுணும் பினியனும் தொழிற்சாலையில் சோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றுவது எக்காலத்திலும் சரிவராது.

ஊர் நினைவும் இன்றைய வீதியும்

"ஊரில் எல்லாவற்றையும் நாங்களே திருத்தினோம்" என்று கூறுவோர் எம்மிடையே பலருண்டு. யாழ்ப்பாணத்தின் ஒஸ்ரின் ஏ 40 களும் மொறிஸ் மைனர்களும் பல பத்தாண்டுகள் ஓடியது உண்மை. 1990 களில் பொருளாதாரத் தடையின் கீழ், பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் கார் ஓட்டியதும் உண்மை. ஆயினும் அதனைச் செய்தவர்கள் யார்? சிறு வயதிலேயே கராஜில் சேர்ந்து, சாவி எடுத்துக் கொடுப்பதில் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் பழகிய தொழிலாளர்களே. அளவுக் கருவியின் இடத்தில் அவர்களுடைய விரல்களின் பழக்கம் இருந்தது. அவர்கள் திருத்திய வாகனம் குண்டுங் குழியுமான வீதியில் மெதுவாகவே ஓடியது. இன்று எம்மவரின் வான், சுமையோடு மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் நெடுஞ்சாலையில் செல்கின்றது. அந்த வேகத்தில் பெயாரிங் சூடேறி இறுகுமாயின் பின்சில்லுகள் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளக்கூடும். உள்ளே இருப்பது குடும்பம். பின்னால் வருவது பிறருடைய குடும்பம்.

அரசாங்கப் பரிசோதனை இதனைக் கண்டுபிடித்துவிடும் என்று நம்புவதும் தவறாகும். இங்கிலாந்தில் ஆண்டுதோறும், ஜேர்மனியிலும் பிரான்சிலும் இரண்டாண்டுக்கொரு தடவையும் கார்கள் பரிசோதிக்கப்படுகின்றன. எண்ணெய்க் கசிவு அங்கே கண்ணில் படலாம். டிபரன்சலைத் திறந்து அதன் அளவுகளை எவரும் பார்ப்பதில்லை.

இடையில் ஒரு வழி

ஆகவே தீர்மானத்துக்கான அளவுகோல் துணிவு அன்று. கூலியின் பெருமையும் அன்று. மேற்கூறிய நான்கு அளவுகளையும் எடுக்கக் கருவியும், எடுத்த அளவு சரியென்று சொல்ல அனுபவமுள்ள ஒருவரும் உங்களுக்கு உண்டா என்பதே கேள்வி. இரண்டும் இருப்பின், நேரமும் மூடிய இடமும் உடையவர் தாமே செய்யலாம். ஒன்றேனும் இல்லையெனின் பற்சில்லில் கைவைக்காதிருப்பதே சிக்கனமாகும். ஒரு தடவைக்காக வாங்கும் கருவிகளின் விலை, வான் நின்ற நாட்களின் வருமான இழப்பு, பிழைத்தால் மீண்டும் வாங்க வேண்டிய சோடி ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் கூலி அத்தனை பெரிதாகத் தோன்றாது.

கூலியைக் குறைக்க வேறு வழிகளும் உள்ளன. ரொயோட்டா ஹையேஸ் போன்றவற்றில் பற்சில்லுகள் அடங்கிய பகுதியை முழுதாக அச்சிலிருந்து வெளியே எடுக்கலாம். பென்ஸ், பி.எம்.டபிள்யூ கார்களில் டிபரன்சல் தனிப்பெட்டியாகக் கழன்று வரும். அதனைத் தாமே கழற்றிக் கொண்டு சென்று, அளவெடுத்துப் பொருத்தும் வேலையை மட்டும் தொழில் அறிந்தவரிடம் ஒப்படைக்கலாம். பழைய வாகனங்களை உடைத்து விற்கும் இடங்களில் நல்ல நிலையிலுள்ள முழு டிபரன்சலை வாங்கிப் பூட்டினால், அளவெடுக்கும் வேலையே இல்லாது போகும். பற்களின் விகிதம் பழையதோடு ஒத்திருப்பதை மட்டும் கவனிக்க வேண்டும். நான்கு சில்லுகளாலும் உந்தப்படும் வாகனத்தில் முன், பின் விகிதங்கள் பொருந்தாவிடில் கேடு விளையும்.

கழற்றும்போது ஜாக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே செல்லாதீர்கள். உறுதியான தாங்கிகளை வையுங்கள். அடுக்குமாடித் தரிப்பிடங்களில் வாகனம் திருத்துவதற்கு வீட்டு நிர்வாகங்கள் பல தடை விதித்துள்ளன. கழிவெண்ணெயை வடிகாலில் ஊற்றுவது சட்டப்படி குற்றமாகும். ஜேர்மனியிலும் பிரான்சிலும் இடத்தையும் கருவிகளையும் மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் வேலைத்தலங்கள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்துவதே நலம்.

ஒப்படைக்கும்போது

"தெரிந்த பொடியன், மலிவாகச் செய்து தருவான்" என்று கையில் காசு கொடுத்து முடிக்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. அந்த இளைஞரின் அகதி விண்ணப்பம் முடிவாகாமலும் வேலை அனுமதி கிடையாமலும் இருக்கலாம். சில நூறு யூரோக்களுக்காக அவரது வழக்குக்கு ஊறு நேருமாயின் அது எவ்வகையிலும் ஈடுசெய்ய முடியாதது. கொடுத்தவருக்கும் பற்றுச்சீட்டு இல்லை. வேலை பிழைத்தால் கேட்கவும் வழியில்லை.

பதிவு பெற்ற கராஜில் எழுத்து மூலமான மதிப்பீட்டைக் கேளுங்கள். பெயாரிங்குகளும் சீல்களும் புதிதாகப் போடப்படுமா, இளக்கத்தின் அளவு என்ன, பற்தடம் பார்க்கப்பட்டதா என்று வினவுங்கள். தொழில் அறிந்தவர் இக்கேள்விகளுக்குச் சினங்கொள்ளார். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2005 இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மதிப்பீட்டுக்கு மேல் 10 வீதத்தை விட அதிகமாக அறவிடுவதைத் தடுக்கின்றது. புதிய பாகங்களுக்கும் அவற்றைப் பொருத்திய வேலைக்கும் 90 நாட்கள் அல்லது 5,000 கிலோமீற்றர், இவற்றுள் எது முந்துகின்றதோ, அதுவரை உத்தரவாதமும் அளிக்கின்றது. பிரித்தானியாவின் 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். இவ்வுரிமைகளைக் கோருவதற்குப் பற்றுச்சீட்டே துணை.

வேலை முடிந்தபின் முதல் ஓட்டத்தை இருபது நிமிடத்தோடு நிறுத்தி அச்சைக் குளிரவிடுங்கள். ஏறத்தாழ 800 கிலோமீற்றர் வரை பாரச்சுமை ஏற்றாது ஓட்டி, பின்னர் எண்ணெயை மாற்றுங்கள். தாமே திருத்தினாலும் பிறர் திருத்தினாலும் இவ்விதி ஒன்றே.

கைத்தொழில் எமக்குப் புதிதன்று. எந்த வேலைக்கு எமது கை போதும், எந்த வேலைக்கு அளவுக் கருவி வேண்டும் என்று பிரித்தறிவதும் கைத்தொழில் அறிவின் ஒரு பகுதியே ஆகும்.