வெட்ஜ் வாங்கப் போறீங்களா? பவுன்ஸ் எண்ணையும் பாருங்க!

செர்காம் இளைஞர்கள் ஆயர் குரோ பக்கம் கோல்ஃப் பழகப் போனால், முதலில் பணம் போடுவது மட்டையில்தான். வெட்ஜ் மட்டைகள் பலவற்றில் '56-10' போல இரண்டு எண்கள் இருக்கும். 56 என்பது லாஃப்ட், அதாவது முகப்பின் சாய்வு. அந்த 10தான் பவுன்ஸ்.

பவுன்ஸ்னா என்ன?

தண்டை நேராக நிறுத்தினால் மட்டையின் முன்விளிம்பு தரையைத் தொடாமல் சற்றுத் தூக்கி நிற்கும். அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடைப்பட்ட அந்தக் கோணமே பவுன்ஸ். மட்டை மண்ணுக்குள் புதையாமல் வழுக்கிச் செல்ல அது உதவுகிறது.

1932 பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற ஜீன் சாரசன், மட்டையின் அடியில் ஈயம் சேர்த்துத் தடிப்பாக்கியது இதற்காகத்தான்.

யாருக்கு எது?

• 4-6 டிகிரி: இறுகிய தரை, பந்தை மேலோட்டமாகத் துடைத்து அடிப்பவர்கள்
• 7-10 டிகிரி: பெரும்பாலான சூழல்கள்
• 10க்கு மேல்: ஈரத்தரை, மென்மணல், மட்டையைச் செங்குத்தாக இறக்குபவர்கள்

மலாக்கா மழையில் திடல் ஊறிக் கிடக்கும்போது குறைந்த பவுன்ஸ் மட்டை மண்ணைத் தோண்டிவிடும். பந்து பாதி தூரம்கூடப் போகாது. காய்ந்த தரையிலோ அதிக பவுன்ஸ் மட்டை எகிறி, பந்தின் நடுவில் படும். ஒரே ஒரு வெட்ஜ்தான் வாங்க முடியுமா? 56-10 பக்கம் போங்க. ஈரம், காய்ச்சல் இரண்டையும் ஓரளவு சமாளிக்கும்.