கிருமியின்றி அழலும் எலும்பு

எலும்பிலே அழற்சி என்றவுடன் வைத்தியரின் எண்ணம் கிருமியை நோக்கிச் செல்லுதல் இயல்பே. ஒரு பிள்ளையின் கால் வீங்கி, தொட்டாற் சுட்டு, நடக்க முடியாது வலிக்குமாயின், குருதிவழியே வந்த கிருமி எலும்பிற் குடிபுகுந்து சீழ் கட்டியிருக்குமோ என்பதே முதல் ஐயம். அவ்வையம் முறையானதே, காலந்தாழ்த்தினால் எலும்பை அரித்தழிக்கும் நோய் அது. ஆயினும், கீறிப் பார்த்தவிடத்துச் சீழ் இல்லை. எடுத்த துணுக்கை ஆய்கூடத்தில் வளர்த்துப் பார்த்தும் கிருமி முளைக்கவில்லை. கிருமிகொல்லி மருந்தும் பயன் தரவில்லை. இத்தகைய பிள்ளைகளும் உளர்.

சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலே குழந்தைகளின் கதிர்ப்படங்களை ஆராய்ந்துவந்த அந்திரேஸ் கீடியன் என்னும் வைத்தியரும் அவர்தம் சகாக்களும் 1972ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்தெழுதினர். ஒரே பிள்ளையின் பல எலும்புகளில், சில வேளை இரு பக்கமும் ஒத்தாற்போல, அழற்சி தோன்றியமை அவர்கள் கண்ட புதுமை. கிருமிசாரா நாட்பட்ட எலும்பழற்சி என்று இதனைக் கூறலாம்.

கிருமி இல்லையெனில் அழற்சியை மூட்டுவது யாது? உடலின் காவற்படையே. பகைவன் வராதபோதும் அது போர்தொடுக்கின்றது. அழற்சியைத் தூண்டும் பொருள்கள் மிகுந்தும், அதனைத் தணிக்கும் இன்டர்லூகின் 10 என்னும் பொருள் குறைந்தும் இருத்தலை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். மூலகாரணம் முற்றாகத் துலங்கவில்லை. மிக அரிதாகச் சில குடும்பங்களில் இது பரம்பரையாக வருவதுண்டு. அத்தகைய ஒருவகைக்கு ஏதுவான மரபணு 2005இல் அறியப்பட்டது.

எலும்பில் மூண்ட அழற்சி எலும்போடு அடங்குவதுமில்லை. எலும்பைப் போர்த்திய சவ்வு தடிக்கும். அதனைக் கடந்து அருகிலுள்ள தசையும் நீர்கோத்து வீங்கும். தொடையெலும்பு நோயுற்ற பிள்ளை தசைவலி என்று அழுவது இதனாலேயே. காந்தப்புலப் படத்தில் இத்தசை வீக்கம் தெளிவாகத் தெரியும். ஆனால் வைத்தியருக்கு மயக்கந் தருவதும் அதுவே. தசையிற் சீழ்க்கட்டியோ, எலும்பிற் புற்றுநோயோ என்று எண்ணும்படி படம் அமைந்துவிடும். ஆதலால் ஐயமுள்ளவிடத்து ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதித்து அவ்விரண்டையும் விலக்கியாதல் வேண்டும். அந்தப் பரிசோதனை முடியும்வரை பெற்றோர் படும் பாட்டைச் சொல்லில் அடக்கலாகாது.

பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலே தொடங்கும் இந்நோய் ஆண்பிள்ளைகளிலும் பெண்பிள்ளைகளையே மிகுதியாகப் பற்றுகின்றது. கால்களின் நீண்ட எலும்புகளில், வளர்ச்சி நிகழும் முனைகளை அடுத்து இது பெரிதும் காணப்படும். கழுத்தடியிலுள்ள காறையெலும்பு வீங்குவது சிறந்த குறிப்பு; சாதாரணக் கிருமிநோய் அவ்விடத்தை நாடுவது அரிது. உள்ளங்கை, உள்ளங்காலிற் கொப்புளம், செதிலுதிரும் தோல்நோய், குடலழற்சி ஆகியன உடன் வருவதும் உண்டு.

“வளருகிற பிள்ளைக்கு நோகத்தான் செய்யும்” என்று வீட்டார் தேற்றிக்கொள்வது வழக்கம். வளர்ச்சிநோவு என்பது இராக்காலத்தில் இரு கால்களிலும் வந்து, காலையிலே தீர்ந்துவிடும். பிள்ளை பகலில் ஓடி விளையாடும். ஒரே இடத்தில் நிலைத்து, நொண்ட வைத்து, வீக்கமும் காட்டும் நோவு அதுவன்று. காய்ச்சலும் கூடினாலோ அன்றே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். கிருமிநோய் இல்லையென வீட்டிலே முடிவுகட்டுதல் ஆகாது.

நோய் இன்னதெனத் துணிந்தபின் மீண்டும் மீண்டும் கீறுவதற்கும், மாதக்கணக்கிற் கிருமிகொல்லி கொடுப்பதற்கும் இடமில்லை. நப்ரொக்சன் போன்ற அழற்சி தணிக்கும் மருந்துகளே பலருக்கு முதற் சிகிச்சை. அவை போதாவிடின், எலும்புச் சிதைவைத் தடுக்கும் பமிட்ரொனேற் என்னும் மருந்தை நாளத்தின் வழியே ஏற்றுவர். காவற்படையின் மிகையை அடக்கும் மருந்துகளும் உள. நோய் தணிவதும் மீள்வதுமாய் ஆண்டுக்கணக்கில் தொடரலாம். கால் மட்டும் நோகின்ற பிள்ளைக்கும் உடல் முழுவதையும் காந்தப்புலப் படம் எடுப்பதன் காரணம் முள்ளந்தண்டு ஆகும். அங்கே நோவு தோன்றாமலே ஓர் எலும்பு நசுங்கிப்போதல் கூடும். முதுகு கூனுமுன் அதனைக் கண்டால் மருந்தினாற் காக்க இயலும்.