உங்களுக்குத் தெரியுமா? – கோப்புக்குப் பெயரிடுவதில் ஒரு சிறு உபகாரம்

மாசிமகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினக் கடற்கரையில் தீர்த்தவாரி கண்டருளும் காட்சியைப் படமெடுத்துக் கணினியில் சேர்ப்போருக்கு, வெறும் எண்களாக வந்து நிற்கும் கோப்புகளுக்குப் பெயரிடுவதே பெரும் பிரயாசை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், கோப்பின் பின்னொட்டு கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருந்தோர் எஃப்2 விசையை அழுத்தினால், பெயரோடு 'ஜேபிஜி' என்பதும் சேர்ந்தே தேர்வாகும். அசிரத்தையாகத் தட்டச்சிட்டால் அதுவும் அழியும். 2007-இல் விற்பனைக்கு வந்த விஸ்டாவோ பின்னொட்டை விலக்கிப் பெயரை மட்டும் தேர்ந்து கொடுத்தது. டாப் விசையை அழுத்தினால் அடுத்த கோப்பின் பெயருக்குத் தாவவும் செய்தது. ஆரவாரமற்ற இவ்வுபகாரம், என் அபிப்பிராயத்தில், அதன் கண்ணாடி அலங்காரங்கள் அனைத்தினும் மேலானது. படங்களையெல்லாம் ஒருங்கே தேர்ந்து தமிழிலேயே ஒரு பெயரிட்டால், அடைப்புக்குறிக்குள் வரிசையெண் தானாகச் சேரும். பிசகினால் கன்ட்ரோலும் இசட்டும் பழைய பெயரை மீட்டுத் தரும்.