நூலே கத்தியாகும் சிகிச்சை

ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் ஒன்று சல்லியம். உடம்பில் தைத்த அம்பு, முள் போன்றவற்றுக்குச் சல்லியம் என்று பெயர். அவற்றை வெளியே எடுக்கும் கலையாகத் தொடங்கியதே பிறகு அறுவை மருத்துவமாக விரிந்தது. அதன் மூலநூலான சுசுருத சம்ஹிதை 101 மழுங்கல் கருவிகளையும் 20 கூர்மையான கருவிகளையும் கணக்கிடுகிறது. அறுத்தல், கீறுதல், சுரண்டுதல், துளைத்தல், துழாவுதல், பிடுங்குதல், வடித்தல், தைத்தல் என்று அறுவைச் செய்கைகளை எட்டாக வகுக்கிறது.

கருவிகளின் பட்டியலைவிட வியப்பூட்டுவது மாணவர்களுக்குச் சொல்லப்பட்ட பயிற்சி. அறுப்பதற்குப் பூசணியும் சுரைக்காயும் வெள்ளரியும். கீறுவதற்கு நீர் நிரப்பிய தோல்பை. சுரண்டுவதற்கு மயிர் நீக்காத தோல். துளைப்பதற்குத் தாமரைத் தண்டு. பிணத்தை ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவைத்து, மேல்தோலிலிருந்து உள்ளுறுப்புவரை அடுக்கடுக்காகத் தேய்த்து நீக்கிப் பார்க்க வேண்டும் என்றும் நூல் சொல்கிறது. ஏட்டறிவு மட்டும் உள்ளவரும் கைப்பழக்கம் மட்டும் உள்ளவரும் மருத்துவத்துக்குத் தகுதியற்றவர்கள் என்பது அதன் தீர்ப்பு.

பிற்காலத்தில் நேர்ந்தது அந்தப் பிரிவினைதான். நூல் படித்த வைத்தியர்கள் பெரும்பாலும் கத்தியை விட்டு விலகினார்கள். கைத்திறன் சில குடும்பங்களில் மட்டும் தங்கியது. திப்பு சுல்தானுடன் 1792-இல் முடிந்த போரில், ஆங்கிலேயப் படையின் மாட்டுவண்டிக்காரர் காவஸ்ஜி சிறைபிடிக்கப்பட்டு மூக்கறுபட்டார். நெற்றித் தோலை மடித்திறக்கி அவருக்குப் புது மூக்கு அமைத்தவர் புனே அருகே வாழ்ந்த ஒரு கைவினைஞர். இந்தச் செய்தி 1794-இல் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழில் படத்துடன் வெளியானது. அதைப் பின்பற்றி 1814-இல் மருத்துவர் ஜோசப் கார்ப்யூ லண்டனில் மூக்கு சீரமைப்பு செய்தார். நெற்றித் தோலைக் கொண்டு மூக்கு அமைக்கும் முறை இன்றும் பிளாஸ்டிக் சர்ஜரியில் உண்டு.

கார்ப்யூவின் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. சுசுருதர் வலி தெரியாமலிருக்க மது கொடுக்கச் சொன்னார். கார்ப்யூவின் காலம்வரை மேலைநாட்டிலும் பெரிதாக வேறு வழி இல்லை. 1846-இல் பாஸ்டனில் ஈதர் மயக்கம், 1867-இல் லிஸ்டரின் கிருமிநாசினி முறை, 1901-இல் லாண்ட்ஸ்டெய்னரின் ரத்தப் பிரிவுகள் ஆகிய மூன்றும் ஒவ்வொன்றாக வர வரத்தான் வயிற்றையும் மார்பையும் மேலும் மேலும் துணிந்து திறக்க முடிந்தது. நவீன அறுவை மருத்துவத்தின் பலம் கத்தியில் மட்டும் இல்லை. கத்தியைச் சுற்றி எழுந்த இந்த ஏற்பாடுகளில் இருக்கிறது. பழைய முறைகள் எல்லாமே நிலைக்கத் தக்கவையும் அல்ல. கண்புரையை ஊசியால் உள்ளே தள்ளிவிடும் முறை பலரின் பார்வையைக் கெடுத்தது. அது கைவிடப்பட்டது சரியே.

நிலைத்ததற்கு நல்ல உதாரணம் பவுத்திரத்துக்குச் செய்யும் க்ஷாரசூத்திரம், அதாவது காரநூல். ஆசனவாய்க்குள்ளிருந்து வெளித்தோல்வரை சீழ் வழியும் புரை ஒன்று உண்டாவதே பவுத்திரம். புரையை ஒரேயடியாகக் கீறித் திறந்தால், அது ஆழமாகச் சென்றிருக்கும் நோயாளிக்கு மலத்தை அடக்கும் தசையும் அறுபட்டுவிடலாம். காரநூல் அதே வேலையை மெதுவாகச் செய்கிறது. நூலின் மீது இலைக்கள்ளிப் பாலை மட்டும் 11 முறை பூசுவார்கள். அடுத்த 7 பூச்சுகளில் கள்ளிப்பாலோடு நாயுருவி உப்பு சேரும். கடைசி 3 பூச்சுகளில் மஞ்சள்தூள் சேரும். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பிறகே அடுத்தது. இப்படி 21 பூச்சேறிய நூலைப் புரைக்குள் செலுத்தி வெளியே முடிச்சிடுவார்கள். வாரம் ஒருமுறை பழைய நூலின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்து மாற்றுவார்கள். நூல் அறுத்துக்கொண்டே வர, அதன் பின்னாலேயே சதை ஆறிக்கொண்டு வரும்.

பதினோராம் நூற்றாண்டு மருத்துவர் சக்கரதத்தர் குறித்துவைத்த இந்தக் காரநூல் முறையை 1960-களில் காசி இந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பி. ஜே. தேஷ்பாண்டே குழுவினர் மீட்டெடுத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மருத்துவமனைகளில் இதை அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டுச் சோதித்து, 1991-இல் முடிவை வெளியிட்டது. நூல் சிகிச்சையில் புண் ஆற ஏறக்குறைய 8 வாரம் ஆனது. அறுவையில் 4 வாரம். நோய் திரும்பியதோ நூலில் 4 சதவீதம், அறுவையில் 11 சதவீதம். பழம்பெருமை பேசி வாங்க முடியாத மதிப்பை இந்த ஒரு சோதனை வாங்கித் தந்தது.

ஆனாலும், ஆயுர்வேதத்தில் யார் அறுவை செய்யலாம் என்ற கேள்வி ஓயவில்லை. 2020 நவம்பரில் வந்த அரசிதழ் அறிவிக்கை, ஆயுர்வேத முதுநிலை மாணவர்கள் பயில வேண்டிய 58 அறுவைச் செய்முறைகளைப் பட்டியலிட்டது. அதை எதிர்த்து இந்திய மருத்துவச் சங்கம் டிசம்பர் 11 அன்று நாடு தழுவிய போராட்டம் நடத்தியது. பெயர்ப்பலகையில் எந்த மருத்துவ முறையின் பெயர் இருக்கிறது என்பதைவிட, கத்தி பிடிப்பவர் எத்தனை அறுவைகளை மூத்தவர் மேற்பார்வையில் செய்து பழகியிருக்கிறார், அருகில் மயக்க மருந்து நிபுணரும் ரத்த வங்கியும் உண்டா என்பதே நோயாளிக்கு முக்கியம்.

காரநூல் சிகிச்சை தேடுவோர், மூலம் பவுத்திரம் என்று சுவரில் எழுதிய விளம்பரத்தை நம்பிப் போக வேண்டாம். பதிவுபெற்ற மருத்துவரிடமே செல்லுங்கள். மலத்தில் ரத்தம் வந்தால் முதலில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குடல் புற்றுநோயிலும் ரத்தம் வரும்.