கையெழுத்து யாருடையது?

சேகரிப்பவர்கள் – 17

சென்ற வாரம் பேஸ்பால் பந்துகளைப் பார்த்தோம். இந்த வாரம் அமெரிக்கர்களின் அதைவிடப் பெரிய பித்து: அவர்களுடைய கால்பந்து. இரு முனையும் கூம்பிய தோல் பந்தைக் கையால் வீசியும், மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியும், கவசத்தோடு கவசம் மோத ஆடுகிற ஆட்டம். அந்த ஆட்டத்தின் பந்து, தலைக்கவசம், ஜெர்சி, அட்டை என்று எதில் வீரரின் கையெழுத்து விழுந்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு. சில சமயம் ஒரு வீட்டின் விலை. டாம் பிரேடி என்ற நட்சத்திரத்தின் 2000-ஆம் ஆண்டு அறிமுக அட்டை ஒன்று, அவர் கையெழுத்துடன், 2021-இல் 31 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2000-இல் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது 198 பேர் போன பிறகுதான் அந்தப் பிரேடியைக் கூப்பிட்டார்கள்.

முதலில் பந்தைக் கையில் எடுப்போம். என்.எஃப்.எல். எனும் தேசிய லீக்குக்கான பந்துகள் ஓஹாயோ மாநிலத்தில் ஏடா என்ற சிற்றூரில், வில்சன் நிறுவனத்தின் தொழிற்சாலையில் தயாராகின்றன. நான்கு தோல் துண்டுகளை உள்பக்கம் வெளியே தெரியும்படி தைத்து, பிறகு முழுப் பந்தையும் புரட்டி எடுப்பார்கள். அதற்குத் தோள்வலிமை வேண்டும். மேல்தோல் முழுக்கச் சிறு சிறு புள்ளிகளாகப் புடைத்திருக்கும். ஆட்டக்காரரின் பிடிக்கு அது நல்லது, பேனாவுக்குத்தான் எதிரி. சாதாரண மார்க்கர் அந்த மேடுபள்ளங்களில் திக்கித் திக்கிப் போகும், மை கசியும், பழுப்புத் தோலில் கறுப்பு எழுத்து எடுபடவும் செய்யாது. அதனால் சேகரிப்பவர்கள் வெள்ளி நிறப் பெயின்ட் பேனாவோடு வருவார்கள். இல்லையென்றால் கையெழுத்துக்கென்றே ஒரு பக்கம் வழுவழுப்பான வெள்ளைத் தோல் வைத்துத் தைத்த பந்தை வாங்குவார்கள். ஜெர்சி என்றால் முதுகில் உள்ள எண்ணின் மேல், துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு. தலைக்கவசத்தில் எழுதுவது சுலபம். ஆனால் வெயில் படும் அலமாரியில் வைத்தால் சில ஆண்டுகளில் எழுத்து வெளிறிவிடும்.

எந்த வீரரும் தொடுவதற்கு முன்பே இந்தப் பந்தில் ஒரு கையெழுத்து இருக்கும். லீக்கின் ஆணையருடையது, தொழிற்சாலையிலேயே அச்சானது. பீட் ரோசெல் 1960 முதல் 1989 வரை, பால் டாக்லியபூ 2006 வரை, அதன் பிறகு ரோஜர் குடெல். வாங்குகிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. தேர்ந்தவர்கள் முதலில் பார்ப்பதே இதைத்தான். பால்டிமோர் அணியின் மகத்தான ஆட்டக்காரர் ஜானி யுனைடஸ் இறந்தது 2002 செப்டம்பரில். குடெல் ஆணையர் ஆனது 2006-இல். குடெல் பெயர் அச்சான பந்தில் யுனைடஸ் கையெழுத்து இருந்தால், பூதக்கண்ணாடியும் வேண்டாம், நிபுணரும் வேண்டாம். அந்தப் பந்து பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கையெழுத்திட வேண்டியவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இவ்வளவு எளிதாக எல்லாப் போலியும் மாட்டுவதில்லை. 1990-களின் பிற்பகுதியில் சான் டியேகோவில் எஃப்.பி.ஐ. ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் ஒரு விசாரணையை நடத்தியது. அங்கே பேஸ்பால் ஆடிய டோனி க்வின், தன் அணியின் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்து விற்பனைக்கு இருந்ததைக் கண்டு சொன்னவர். 1999 அக்டோபரில் பல மாநிலங்களில் ஒரே சமயத்தில் சோதனை நடந்தது. கைக்குக் கிடைத்த ஆட்டக்காரர் பெயரையெல்லாம் மணிக்கணக்காக எழுதித் தள்ளிய ஒருவர், அதைக் கடைகளுக்கு அனுப்பியவர்கள், ‘உண்மையானது’ என்று சான்றிதழ் அச்சடித்தவர்கள் என்று ஒரு முழு வலையே சிக்கியது. பிடிபட்ட பொருள்களில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகளும் இருந்தன. அதையும் காசு கொடுத்து வாங்க ஆள் இருந்திருக்கிறது! சந்தையில் இருந்த கையெழுத்துப் பொருள்களில் பாதிக்கு மேல் போலி என்று அப்போது தொழிலில் இருந்தவர்களே மதிப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் சான்று தரும் நிறுவனங்கள் பெரிதாக வளர்ந்தன. பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் என்ற மூன்று பெயர்களை இந்த உலகில் எல்லோரும் சொல்வார்கள். ஒளிமாறும் ஸ்டிக்கர், அதில் ஒரு எண், அந்த எண்ணை வைத்துச் சரிபார்க்க வசதி. ஆனால் இதில் இரண்டு வகை இருக்கிறது, வாங்குகிறவர் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீரர் எழுதும்போது நிறுவனத்தின் ஆள் பக்கத்தில் நின்று பார்த்துத் தந்த சான்று ஒன்று. என்றைக்கோ எழுதியதைப் பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டு, ‘எங்கள் கருத்தில் இது அவருடையதே’ என்று சொல்வது இன்னொன்று. இரண்டாவது, எவ்வளவு தேர்ந்தவர் சொன்னாலும், கருத்துதான். வீரருக்கு வயதாகும், கை நடுங்கும், நூறாவது கையெழுத்து முதல் கையெழுத்தைப் போல இராது. கண்ணால் பார்த்த சாட்சிக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் செய்வது சரி என்றே நினைக்கிறேன்.

போலிக் கையெழுத்து போட்டவன் குற்றவாளி, சரி. தன் சொந்தக் கையெழுத்தைத் தானே போட்டு விற்றவனும் குற்றவாளியாக நின்ற காலம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. அதுவும் சமீபம் வரை.

அங்கே என்.எஃப்.எல். அளவுக்குக் கல்லூரிக் கால்பந்துக்கும் கூட்டம் உண்டு. லட்சம் பேர் அமரும் மைதானங்கள், கோடிக்கணக்கான டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தங்கள், பயிற்சியாளர்களுக்கு மாநில ஆளுநரைவிடப் பல மடங்கு சம்பளம். ஆடுகிற பையனுக்கு மட்டும் அப்போது கல்வி உதவித்தொகை, அவ்வளவுதான். அவன் ‘அமெச்சூர்’; தன் புகழால் ஒரு டாலர்கூடப் பார்க்கக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் அன்றைய விதி.

2010-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஏ.ஜே. கிரீன், தான் போட்டு ஆடிய ஜெர்சியை 1,000 டாலருக்கு விற்றார். நான்கு ஆட்டங்கள் தடை. அவர் வெளியே உட்கார்ந்திருந்த அந்த வாரங்களில் அவருடைய எண் 8 பொறித்த ஜெர்சிகளைப் பல்கலைக்கழகத்தின் கடை விற்றுக்கொண்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஓஹாயோ ஸ்டேட் அணியில் ஐந்து பேர் மாட்டினார்கள். அந்த அணிக்கு ஒரு வழக்கம் உண்டு: பரம எதிரியான மிச்சிகனை வென்றால் ஒவ்வொரு வீரருக்கும் கால்சட்டை வடிவில் ஒரு சிறு தங்கப் பதக்கம். 1934-இலிருந்து வருவது. அணியின் நட்சத்திரம் டெரெல் பிரையர் அந்தப் பதக்கத்தையும், வெற்றி மோதிரத்தையும், ஒரு விருதையும் 2,500 டாலருக்கு விற்றிருந்தார். வேறு சிலர் பச்சை குத்தியதற்குக் கூலியாகப் பொருள்களைக் கொடுத்திருந்தார்கள். விஷயம் தெரிந்தும் மறைத்த பயிற்சியாளர் ஜிம் டிரெசல் 2011 மே மாதம் பதவி விலகினார். 2010 பருவத்தின் வெற்றிகள் ஏட்டிலிருந்து அழிக்கப்பட்டன. 2012-இல் அந்த அணி 12 ஆட்டங்களில் பன்னிரண்டையும் வென்றது. ஆனால் தடை இருந்ததால் பருவத்தின் இறுதிப் போட்டிகளில் கால் வைக்க முடியவில்லை. அதில் பலர் பச்சை குத்திய விவகாரத்தில் சம்பந்தமே இல்லாத பையன்கள்.

மறு ஆண்டு இதைவிடப் பெரிய பெயர் சிக்கியது. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஜானி மான்செல். கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை முதலாண்டு மாணவனாகவே வென்ற முதல் ஆள். வியாபாரிகள் ஓட்டல் அறைக்குப் பெட்டி பெட்டியாகப் பொருள்களைக் கொண்டுவர, அவர் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டார் என்று 2013 கோடையில் செய்தி வந்தது. பணம் வாங்கியதற்கு ஆதாரமில்லை என்றார்கள். ஆனாலும் முதல் ஆட்டத்தில் பாதி ஆட்டம் வெளியே உட்கார வேண்டும் என்றார்கள். பல ஆண்டுகள் கழித்து, 2023-இல் வந்த ஓர் ஆவணப்படத்தில், பணம் வாங்கியதை அவரே வாய்விட்டுச் சொன்னார்.

2013 ஆகஸ்ட் மாதம் நடந்த இன்னொன்று இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகப் பிடித்த காட்சி. முன்னாள் கூடைப்பந்து வீரரும் தொலைக்காட்சி விமர்சகருமான ஜே பிலாஸ், என்.சி.ஏ.ஏ.வின் இணையக் கடைக்குள் போனார். தேடும் பெட்டியில் ‘மான்செல்’ என்று தட்டினார். டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியின் எண் 2 ஜெர்சி வந்து நின்றது. மான்செலின் எண் அது. இன்னொரு வீரரின் பெயரைத் தட்டினார், அவருடைய ஜெர்சி வந்தது. இன்னொன்று, மறுபடியும். ஒவ்வொன்றையும் படமெடுத்து வெளியிட்டார். ஜெர்சியில் பெயர் இல்லை, வெறும் எண்தான், ஆகவே எந்த மாணவனையும் வைத்து நாங்கள் சம்பாதிக்கவில்லை என்ற வாதம் ஒரே பகலில் சரிந்தது. சில நாள்களில் அந்தக் கடையில் கல்லூரி ஜெர்சி விற்பதையே நிறுத்தினார்கள்.

அப்படியும் விதி மாறவில்லை. 2014-இல் ஜார்ஜியாவின் டாட் கர்லி, கையெழுத்துகளுக்காக 3,000 டாலருக்கு மேல் வாங்கியதற்காக நான்கு ஆட்டங்கள் இழந்தார். தடை முடிந்து திரும்பிய முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் அறுந்தது. கல்லூரி ஆட்டம் அதோடு முடிந்தது. ஒரு பையன் தன் பெயரைத் தன் கையால் எழுதியதற்கு இவ்வளவு. அவன் உடம்பு உடைந்தால் உடைந்ததுதான். அவன் பேனாவை மட்டும் காவல் காத்தார்கள். இதை அநீதி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வேறொரு வழக்கில், என்.சி.ஏ.ஏ.வின் கட்டுப்பாடுகளுக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. மாநிலச் சட்டங்களும் வரிசையாக வந்தன. ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் கையெழுத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றாகிவிட்டது. இப்போது பத்தொன்பது வயதுப் பையன் கடையில் மேசை போட்டு உட்கார்ந்து, வரிசையில் வருகிறவர்களுக்கு விலை வைத்துக் கையெழுத்துப் போடுகிறான். சான்று நிறுவனத்தின் ஆள் பக்கத்தில் நிற்கிறார். ஒளித்து மறைத்து ஓட்டல் அறையில் நடந்தது வெளிச்சத்துக்கு வந்ததில் சேகரிப்பவருக்கும் லாபம்: சாட்சியோடு கிடைக்கிறது.

கையெழுத்து எழுதியவனுடையது என்று அங்கே தீர்ந்தது. பந்து யாருடையது என்ற கேள்வியோ ஒவ்வொரு பருவமும் புதிதாகக் கிளம்புகிறது. 2021 அக்டோபர் 24 அன்று, டம்பாவில், அந்த ஊர் அணிக்காக ஆடிய பிரேடி தன் 600-ஆவது டச்டவுன் பாஸை, அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் புள்ளி ஈட்டித் தரும் வீச்சை, வீசினார். அந்த எண்ணிக்கையை அதுவரை யாரும் தொட்டதில்லை. அதைப் பிடித்த சக ஆட்டக்காரர் மைக் எவன்ஸுக்கு அது தெரியாது. முன்வரிசையில் நின்ற ரசிகர் ஒருவரிடம் பந்தைக் கொடுத்துவிட்டார். அணி ஊழியர் ஓடோடி வந்து கேட்டார். ரசிகர் கொஞ்சம் தயங்கி, பிறகு கொடுத்தார். பதிலுக்குப் பிரேடி கையெழுத்திட்ட இரண்டு ஜெர்சி, ஒரு தலைக்கவசம், எவன்ஸின் ஜெர்சியும் காலணியும், அணிக் கடையில் 1,000 டாலருக்குப் பொருள், பருவச் சீட்டு. பிரேடி தன் பங்காக ஒரு பிட்காயினும் சேர்த்தார். ஏலத்துக்குப் போயிருந்தால் அந்தப் பந்து ஐந்து லட்சம் டாலரைத் தாண்டியிருக்கும் என்று வியாபாரிகள் சொன்னார்கள். அவர் ஏமாந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். தயங்கினாலும் கொடுத்த அந்த மனத்தை விலைப்பட்டியலில் சேர்க்க முடியாது.

மூன்று மாதம் கழித்து, 2022 ஜனவரி 23, அதே மைதானம், அதே இருவர். எவன்ஸ் பிடித்த 55 கெஜ பாஸ்; பந்தைக் கூட்டத்துக்குள் எறிந்தார். ஆட்டத்தில் டம்பா தோற்றது. பிப்ரவரி 1 அன்று பிரேடி ஓய்வை அறிவித்தார். அப்படியானால் கூட்டத்துக்குள் போனது அவருடைய கடைசி டச்டவுன் பந்து! லேலண்ட்ஸ் ஏல நிறுவனத்தில் மார்ச் 12 இரவு அது 5,18,628 டாலருக்குப் போனது. மறுநாள் மார்ச் 13, ஓய்வு வேண்டாம், திரும்பி வருகிறேன் என்றார் பிரேடி.

விற்றவர், வாங்கியவர், ஏலம் நடத்தியவர்கள் மூவரும் பேசி விற்பனையை ரத்து செய்தார்கள். யாரும் யாரையும் நீதிமன்றத்துக்கு இழுக்கவில்லை. இந்தத் தொழிலில் அப்படி நடப்பது அபூர்வம், அதற்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும். அதே பந்து, அதே தோல், அதே தையல், சில மாதங்களில் மறுபடி விற்பனைக்கு வந்தபோது கிடைத்தது ஏறத்தாழ 1,29,000 டாலர்.

அடுத்த வாரம்: பழைய துணி விற்கும் கடையில் எடைபோட்டு 58 சென்ட்டுக்கு வாங்கிய ஒரு ஸ்வெட்டர். உள்ளே தைத்திருந்த துணிப்பட்டையில் ‘லம்பார்டி’ என்று எழுதியிருந்தது. சூப்பர் பௌல் கோப்பைக்கே அவர் பெயர்தான். 2015-இல் அந்த ஸ்வெட்டர் 43,020 டாலருக்கு ஏலம் போனது.

(தொடரும்)