யார் அடிச்சாங்க? வேண்டாம்... எங்கே அடிச்சாங்க?

சனிக்கிழமை ராத்திரி. மணி ஒன்றரை.

இங்கிலாந்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வேல்ஸ் நாட்டின் தலைநகரம் கார்டிஃப். ஊரின் நட்டநடுவில் செயின்ட் மேரி தெரு. தீபாவளிக்கு முதல் நாள் நம்ம ரங்கநாதன் தெருவைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கூட்டம் அந்த மாதிரிதான். ஒரே வித்தியாசம்... நம்ம ஆட்களுக்குக் கையில் துணிப் பை. அவர்களுக்கு வயிற்றில் பீர்!

தெரு முழுக்க பப், நைட் கிளப். கூப்பிடு தூரத்தில் 1999-ல் திறந்த பிரம்மாண்டமான ஸ்டேடியம். எழுபதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். ரக்பி மேட்ச் நாள் என்றால் கேட்கவே வேண்டாம். பப் மூடியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வருவார்கள். டாக்ஸிக்கு ஒரு க்யூ, கெபாப் கடைக்கு ஒரு க்யூ. தோள் இடிக்கும். "என்னடா முறைக்கிறே?" என்பான் ஒருத்தன். அவ்வளவுதான், பீர் கிளாஸ் பறக்கும். யாரோ ஒரு பையனுக்கு முகம் கிழியும்.

அப்படிக் கிழிந்த முகங்களைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு டாக்டரின் கதைதான் இது.

பெயர் ஜொனாதன் ஷெப்பர்ட். வாய், முகம், தாடை ஆபரேஷனில் நிபுணர். கார்டிஃபில் பேராசிரியர். உடைந்த தாடைக்குக் கம்பி கட்டி, கன்னத்துக்குத் தையல் போட்டு அனுப்பினால் அவர் வேலை முடிந்தது. சம்பளம் அதற்குத்தான். ஆனால் மனுஷருக்கு ஒரு சந்தேகம். 'இத்தனை பேர் அடிபட்டு வருகிறார்களே, இதெல்லாம் போலீஸுக்குத் தெரியுமா?'

ஆஸ்பத்திரிக் கணக்கையும் போலீஸ் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தூக்கிவாரிப் போட்டது. அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் விஷயம் போலீஸ் ரிகார்டிலேயே இல்லை!

ஏன் என்கிறீர்களா? அடித்தவன் யாரென்றே பல பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கோ பயம். "புகார் கொடுத்தா நாளைக்கு மறுபடி வந்து அடிப்பான்." இன்னும் சில பேருக்கு, "நானும்தானே ரெண்டு போட்டேன்... என்னையும் உள்ளே வெச்சுட்டா?" என்ற கவலை.

ஆக, எந்த இடத்தில் ரத்தம் சிந்துகிறது என்பது போலீஸை விட ஆஸ்பத்திரிக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரியில் அதை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் எழுதி வைப்பதில்லை.

ஒரே ஒரு கேள்வி

ஷெப்பர்ட் செய்த காரியம் கேட்டால் 'ப்பூ, இவ்வளவுதானா?' என்பீர்கள். எமர்ஜென்ஸி வார்டில் சீட்டு எழுதுகிற கவுன்ட்டர் இருக்கிறதே, அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பெயர், வயசு, விலாசத்தோடு சில விவரங்களைச் சேர்த்துக் கேட்க வேண்டும். எப்போது அடிபட்டது? எதனால் அடித்தார்கள்... கையா, கத்தியா, கிளாஸா? எல்லாவற்றையும் விட முக்கியமாக, எங்கே?

'பப்பில்' என்று எழுதினால் போதாது. எந்த பப்? 'தெருவில்' என்றால் எந்தத் தெரு, எந்தக் கடை வாசல்?

கம்ப்யூட்டரில் இதைத் தட்டி வைத்தார்கள். அடிபட்டவரின் பெயர், விலாசம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இடம், நேரம், ஆயுதம் இந்த மூன்றை மட்டும் போலீஸுக்கும் மாநகராட்சிக்கும் அனுப்பினார்கள். இதுதான் சூட்சுமம். பெயர் போகாது என்பதால் அடிபட்டவர் தயங்காமல் சொன்னார். டாக்டர்களும் 'நோயாளியின் ரகசியத்தைக் காட்டிக்கொடுக்கிறோமோ' என்று மனசு உறுத்தாமல் ஒத்துழைத்தார்கள்.

ஒரு மேஜை, பல நாற்காலி

1997-ல் கார்டிஃபில் ஒரு குழு அமைந்தது. போலீஸ், மாநகராட்சி, ஆஸ்பத்திரி எல்லாரும் ஒரே மேஜையில். அரசாங்க இலாகாக்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? டீ, பிஸ்கட், 'அடுத்த கூட்டம் அடுத்த மாதம்'! இங்கே அப்படி ஆகவில்லை. காரணம், மேஜை மேல் ஒரு லிஸ்ட் இருந்தது. இன்ன பப், இத்தனை காயம், இத்தனை மணிக்கு. லிஸ்ட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா எழுந்து போக முடியுமா?

வார இறுதி ராத்திரிகளில் புறநகர்ப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த போலீஸை நகர மையத்துக்கு மாற்றினார்கள். கேமராவை எங்கே திருப்புவது என்பதைக்கூட லிஸ்ட் சொன்னது. கூட்டம் நெரியும் தெருவில் ராத்திரியில் கார்களைத் தடுத்து, நடப்பவர்களுக்கு இடம் விட்டார்கள். வீட்டுக்குப் போக பஸ் இருந்தால் தெருவில் நின்று முறைத்துக்கொள்ள நேரம் ஏது? ராத்திரி பஸ்ஸை அதிகமாக்கினார்கள். காயக் கணக்கில் முதல் ராங்க் வாங்கிய பப்களுக்கு லைசென்ஸ் விஷயத்தில் கிடுக்கிப்பிடி. கண்ணாடி கிளாஸுக்குப் பதில் பிளாஸ்டிக் கிளாஸ்.

கிளாஸ் விஷயத்தில் ஒரு வேடிக்கை. உடைந்தால் கூர்முனை இல்லாமல் பொடிப்பொடியாக உதிரும் 'டஃபண்ட்' கிளாஸை முதலில் சிபாரிசு செய்ததில் ஷெப்பர்டும் ஒருவர். பிறகு அதை அவரே சோதித்துப் பார்த்தார். சரியாகப் பதப்படுத்தாத கிளாஸ்கள் சட்டென்று உடைந்து, பரிமாறுகிறவர்களின் கையை அதிகமாகக் கிழிக்கின்றன என்று தெரிந்தது. மறைக்கவில்லை, 2000-ல் அதையும் வெளியிட்டார். தன் யோசனை சறுக்கியதைத் தானே ஊருக்குச் சொல்கிறவரை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

பலன் உண்டா?

உண்டு. 2003 முதல் 2007 வரையிலான கணக்கை எடுத்து, கார்டிஃப் மாதிரியே உள்ள 14 ஊர்களோடு ஒப்பிட்டார்கள். 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளிவந்தது. அடிதடியில் காயப்பட்டு ஆஸ்பத்திரியில் 'அட்மிட்' ஆனவர்கள், ஒரு லட்சம் பேருக்கு மாதம் 7 என்றிருந்தது கார்டிஃபில் 5 ஆனது. மற்ற ஊர்களில்? 5 என்றிருந்தது 8 ஆனது!

சின்ன அடிதடிகள் பற்றிய போலீஸ் பதிவு மட்டும் கார்டிஃபில் கூடியது. 'தோல்வியா?' என்று பயப்பட வேண்டாம். கைகலப்பாக இருக்கும்போதே போலீஸ் அங்கே நின்றதால், கத்திக்குத்தாக முற்றவில்லை என்பது ஆராய்ச்சியாளர்கள் சொன்ன விளக்கம். இந்த வேலைக்காக 2008-ல் ஷெப்பர்டுக்கு ஸ்டாக்ஹோம் குற்றவியல் பரிசு கிடைத்தது.

'எங்கே?' 'வீட்டில்...'

'எங்கே அடிபட்டீங்க?' என்று கேட்டால் எல்லாரும் பப் பெயரையா சொல்வார்கள்? சில பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சொல்கிற பதில்: "வீட்டுல."

இதற்கும் கார்டிஃப் ஒரு வழி செய்தது. உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் இருக்கும் பெண்களைப் பற்றிப் பேச, 2003-ல் ஒரு கூட்டுக் கூட்டத்தை ஆரம்பித்தார்கள். போலீஸ், ஆஸ்பத்திரி, குழந்தைகள் நலம், வீட்டு வசதி என்று எல்லாரும் வருவார்கள். அந்தப் பெண் வர வேண்டியதில்லை. அவர் சார்பில் பேச ஓர் ஆதரவாளர் இருப்பார். போலீஸுக்கு ஒரு துண்டு தெரியும், நர்ஸுக்கு ஒரு துண்டு தெரியும். சேர்த்து வைத்தால்தானே முழுப் படம்? பிரிட்டன் முழுக்க இந்த முறை பரவியது.

தெருவில் விழுந்து கிடப்பவர்களுக்கும் ஆள் இருக்கிறது. லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் 2003-ல் சர்ச்காரர்கள் தொடங்கிய 'ஸ்ட்ரீட் பாஸ்டர்ஸ்' என்ற தொண்டர் படை கார்டிஃபுக்கும் வந்தது. போலீஸோடும் மாநகராட்சியோடும் பேசி வைத்துக்கொண்டு ராத்திரியில் சுற்றுவார்கள். பையில் தண்ணீர் பாட்டில், லாலிபாப், அப்புறம்... ரப்பர் செருப்பு! ஹைஹீல்ஸ் காலைக் கடிக்க, உடைந்த கண்ணாடிமேல் வெறுங்காலோடு நடக்கும் பெண்களுக்கு அது இலவசம். தலைக்கு ஏறியவர்களை எமர்ஜென்ஸி வார்டில் கொண்டுபோய்த் தள்ளாமல் பார்த்துக்கொள்ள, நகர மையத்திலேயே 2012-ல் ஒரு தனி சிகிச்சை இடமும் திறந்தார்கள்.

எல்லா ஊரிலும் இது இப்படிப் பலித்துவிட்டதா? பிரிட்டனிலேயே இல்லை. கவுன்ட்டரில் கூட்டம் நெரியும்போது 'எந்த பப்?' என்று கேட்கப் பொறுமை வேண்டும். கேட்டதை எழுத வேண்டும். எழுதியதை இன்னொருவர் படிக்க வேண்டும். இதில் ஒன்று விட்டாலும் லிஸ்ட் வெறும் காகிதம்தான்.

நம்ம கவர்மென்ட் ஆஸ்பத்திரியிலும் அடிதடிக் காயம் என்றால் ஏ.ஆர். புத்தகத்தில் எழுதுகிறார்கள்; போலீஸுக்குத் தகவல் போகிறது. அது கேஸுக்கு. யார், எவர் என்று பெயரைத் தேடுகிற எழுத்து. கார்டிஃப் எழுதியது பெயரைத் தேடி அல்ல. அடுத்த ஆள் அங்கே அடிபடாமல் இருக்க.

திண்ணையில் ஒரு ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது. உட்கார்ந்து எழுந்தவர்களுக்கெல்லாம் வேட்டி கிழிகிறது. டெய்லர் வாழ்நாள் முழுக்கத் தைத்துக்கொண்டே இருக்கலாம். இல்லாவிட்டால் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, "எங்கேய்யா உக்காந்தே?" என்று கேட்கலாம்.

கேட்டுவிட்டால் ஆணியைப் பிடுங்க ஒரு சுத்தியல் போதும்!