ஒரு காது மட்டும் மந்தமா? அலட்சியம் வேண்டாம்!

எப்போதும் இடது காதில் டெலிபோனை வைத்துப் பேசும் குமாஸ்தா, ஒரு நாள் வலது காதில் வைக்கிறார். பேச்சு விளங்கவில்லை. இன்னொருவர் மில் தொழிலாளி. அவருக்கு ஒரு காதில் மட்டும் ஓயாத இரைச்சல். மெஷின் சத்தத்தால் வந்தது என்று விட்டுவிடுகிறார். ஆனால் மெஷின் சத்தம் பெரும்பாலும் இரண்டு காதுகளையும் சேர்த்தே கெடுக்கும். ஒரு காது மட்டும் மந்தமானால் வேறு காரணம் இருக்கலாம்.

அவற்றுள் ஒன்று, உட்காதிலிருந்து மூளைக்குச் செல்லும் சமநிலை நரம்பின் உறையில் வளரும் கட்டி. இது அபூர்வமானது, புற்றுநோயும் அல்ல. மெதுவாக வளரும். மிகவும் பெரிதாகி மூளையை அழுத்தினால் உயிருக்கே ஆபத்து.

சமநிலை நரம்பு கெட்டால் தலை சுற்ற வேண்டாமா? அவசியமில்லை. கட்டி பல ஆண்டுகளாக நரம்பைச் சிறுகச் சிறுகக் கெடுக்கிறது. மூளையும் அதற்கேற்பப் பழகி, மறுகாதையும் கண்களையும் கொண்டு சமாளித்து விடுகிறது. நோயாளி உணராத இந்தப் பழுதைச் சோதனைதான் காட்டும்.

கண் சொல்லும் சேதி

வியன்னா டாக்டர் ராபர்ட் பாரனி, காது கழுவும்போது நோயாளிகளுக்குத் தலை சுற்றுவதைக் கவனித்தார். குளிர்ந்த நீர் பட்டால் கண்கள் ஒரு பக்கமாகத் துடித்தன. சூடான நீர் பட்டால் எதிர்ப்பக்கமாகத் துடித்தன. உட்காதின் அரைவட்டக் குழாயிலுள்ள திரவம் வெப்ப மாற்றத்தால் அசைவதே காரணம் என்றார். 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதி!

இன்றும் அந்தச் சோதனை நடக்கிறது. உடல் வெப்பத்துக்கு 7 டிகிரி குறைவாக 30 டிகிரியிலும், 7 டிகிரி கூடுதலாக 44 டிகிரியிலும் நீரை ஒவ்வொரு காதிலும் செலுத்தி, கண்ணின் துடிப்பைப் பதிவு செய்கிறார்கள். ஒரு பக்கம் துடிப்பு குறைந்தால் அந்தப் பக்கம் பலவீனம் என்று பொருள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நீருக்குப் பதில் காற்று. சோதனையின்போது தலை சுற்றும். சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

1988இல் ஆஸ்திரேலியாவின் ஹல்மாகி, கர்தாய்ஸ் என்ற இருவர் இன்னொரு முறையை வெளியிட்டனர். நோயாளி டாக்டரின் மூக்கையே பார்த்திருக்க, டாக்டர் அவர் தலையைச் சட்டென்று சிறிது திருப்புவார். உட்காது நன்றாக இருந்தால் பார்வை நகராது. பழுதிருந்தால் கண் தலையோடு போய், மூக்குக்குத் தாவித் திரும்பும்.

ஆபரேஷனுக்கு முன்பு

இந்தச் சோதனைகள் சரியாக இருந்தாலும் கட்டி இல்லையென்று சொல்லிவிட முடியாது. அதை உறுதி செய்வது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். பின் இவை எதற்கு? நரம்பில் எவ்வளவு உயிர் மிச்சமிருக்கிறது என்று அறியத்தான். முன்பே செயலிழந்திருந்தால் ஆபரேஷனுக்குப் பின் தலைசுற்றல் பெரும்பாலும் குறைவு. நன்றாக இயங்கிய நரம்பு திடீரென அறுபட்டால் கடுமையாகச் சுற்றும். நடைப்பயிற்சியாலும் தலை, கண் பயிற்சிகளாலும் மீண்டும் பழக வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் நோயாளி பயப்படமாட்டார்.

சிறிய கட்டி எல்லாவற்றுக்கும் ஆபரேஷன் தேவையில்லை. அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதும் உண்டு. கதிர்வீச்சு சிகிச்சையும் உண்டு. ஆனால் நாள் கடந்து வந்தால் வழிகள் குறைந்துவிடும்.

ஆகவே ஒரு காது மட்டும் மந்தமானால், ஒரு காதில் மட்டும் இரைச்சல் நீடித்தால், தலை சுற்றவில்லையே என்று இருந்துவிடாமல் காது டாக்டரிடம் காட்டுங்கள். முதலில் செய்வது செவித்திறன் சோதனைதான். அதற்கு அரை நாள் லீவு போதும்.